காங்கிரசுக்கு முன்னால் ஜனாதிபதி

1. தொண்ணூறு நாள்

முப்பது வருடம் புத்தகம் கட்டும் தொழிற்சாலைகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். என் கையால் பக்கங்கள் தலைகீழாகப் போயிருக்கின்றன, அட்டைகள் கோணலாக ஒட்டுப்பட்டிருக்கின்றன. அவை இந்தத் தொழிலில் எல்லாருக்கும் நடப்பவை. ஆனால் ஒரு நாட்டின் அரசாங்கத்தையே இடம் மாற்றி வைத்தது ஒரே ஒரு தடவைதான். அது அமெரிக்க அரசாங்கம். அதனால் அமெரிக்காவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் கைவிட்டுப் போகப் பார்த்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். கனடாவில், நகரத்தின் மேற்குக் கோடியான ரெக்ஸ்டேலில் ஒரு பைண்டரியில் வேலை கிடைத்திருந்தது. அச்சடித்து மடித்து வருகிற தாள்களை ஒழுங்காக அடுக்கி, வெட்டி, துளை போட்டு, புத்தகமாக்கி அனுப்புகிற இடம். நான் இருந்தது கிழக்குக் கோடியில், ஸ்காபரோவில். இரண்டு பஸ், நடுவில் ஒரு சப்வே. காலை ஏழு மணி ஷிஃப்டுக்கு வீட்டை விட்டு எத்தனை மணிக்கு இறங்கியிருப்பேன் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்த அன்றே ஃபோர்மன் மனுவல் சட்டத்தைச் சொல்லிவிட்டார். தொண்ணூறு நாள் புரபேஷன். அதற்குள் பெரிய பிழை விட்டால் வீட்டுக்கு. தொண்ணூறு முடிந்தால் நிரந்தரம், யூனியன், எல்லாம். எனக்கு யூனியனைவிட முக்கியமான ஒன்று இருந்தது. நிரந்தர வேலை என்று எழுதிய ஜொப் லெற்றர். கல்யாணம் கட்டி மூன்று மாதத்தில் பிரிந்து வந்தவன் நான். சுகந்தி கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தாள். அந்தக் கடிதம் இல்லாமல் அவளைக் கூப்பிடும் ஸ்பொன்சர் பேப்பரை அனுப்பினால் அது போன வழியே திரும்பி வரும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆகவே சமையலறைக் கலண்டரில் ஒவ்வொரு நாளாக வெட்டிக்கொண்டு வந்தேன்.

ஊரில் நான் ரியூட்டரி மாஸ்டர். பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். பரீட்சை எடுக்கும் பிள்ளைகளுக்கு அரசறிவியல். பிரித்தானியா, அமெரிக்கா, சுவிற்சர்லாந்து என்று ஒவ்வொரு நாட்டின் அரசியலமைப்பையும் கரும்பலகையில் பெட்டி பெட்டியாகப் போட்டு, தலைப்புக்குக் கீழே சிவப்புச் சோக்கால் இரட்டைக் கோடு இழுத்துப் படிப்பித்தவன். அந்த இரட்டைக் கோட்டை ஞாபகம் வைத்திருங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

பைண்டரியில் இதை எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். ஒருவரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். அன்றிலிருந்து மனுவல் என்னை 'ரீச்சர்' என்று கூப்பிடத் தொடங்கினார். எங்கள் ஊரில் ரீச்சர் என்றால் பெண் ஆசிரியை. மனுவல் "ரீச்சர்!" என்று கத்தும்போதெல்லாம் எங்கள் லைனில் கடைசியாக நிற்கும் றீற்றா அக்கா ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

றீற்றா அக்கா மன்னார்க்காரி. எனக்குப் பத்து வயது மூப்பு. மெசினை விட்டு வெளியே வரும் புத்தகத்தைப் பார்த்து, சரி என்றால் செக் ஷீற்றில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போடுவது அவரது வேலை. ஆறு வருட சேவிஸ். யூனியன் அங்கத்தவர். என்னை மாஸ்டர் என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது என்பதையும் மறைக்கவில்லை.

2. நனைந்த ரிக்கெற்

எண்பத்திரண்டாம் நாள் காலை அமெரிக்கா வந்து இறங்கியது.

பஃபலோப் பக்கத்துப் பாடசாலைகளுக்கான ஒரு பயிற்சிப் புத்தகம். அமெரிக்க அரசாங்கம் எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்வது. கனடா டொலர் மலிவாக இருந்தபடியால் அப்போது எல்லைக்கு அந்தப் பக்கத்து வேலைகள் எங்களிடம் நிறைய வரும். இந்தப் புத்தகத்தில் ஆறு செக்ஷன். தொடக்கக் கதை, காங்கிரஸ் என்ற அவர்களுடைய பாராளுமன்றம், ஜனாதிபதி, நீதிமன்றங்கள், மாநிலங்கள், திருத்தங்கள். ஒவ்வொரு செக்ஷனும் ஒரு ஸ்கிட்டில், அதாவது ஒரு மரத்தட்டில், ஆள் உயரத்துக்கு அடுக்கப்பட்டு வரும். எங்கள் கதரிங் மெசினில் வரிசையாகப் பொக்கெற்றுகள் என்ற தாள் நிரப்பும் பெட்டிகள் இருக்கும். முதல் பொக்கெற்றில் முதல் செக்ஷன், இரண்டாவதில் இரண்டாவது என்று நிரப்பினால், மெசின் ஒவ்வொன்றிலும் ஒன்றை உருவி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போகும். நிரப்புவது என் வேலை. எந்தப் பொக்கெற்றில் எதைப் போட்டோம் என்று ஒரு தாளில் எழுதி வைப்பதும் என் வேலை.

எது முதலாவது, எது இரண்டாவது என்பதை ஸ்கிட்டில் குத்தியிருக்கும் ரிக்கெற் என்ற அட்டைத் துண்டு சொல்லும். அன்றைக்கு மாசி மாதத்துப் பனி. லொறியிலிருந்து இறக்கிய ஸ்கிட்டுகள் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டன. பனி உருகி, ரிக்கெற்றில் இருந்த மை கரைந்து, ஆறு ரிக்கெற்றிலும் ஒரே நீலக் கறைதான் மிஞ்சியது. வழக்கமாக மடிப்பின் முதுகில் வரிசை காட்டும் கறுப்பு அடையாளம் இருக்கும். பாடசாலைகள் செக்ஷன்களைத் தனித்தனியாகவும் வாங்குமாம், அதனால் அந்த அடையாளத்தையும் போடவில்லை. பக்க எண்ணும் ஒவ்வொரு செக்ஷனிலும் ஒன்றிலிருந்தே தொடங்கியது. பொருளடக்கத் தாளும் அட்டையும் வேறு அச்சகத்திலிருந்து மறுநாள்தான் வரும்.

மனுவல் வாசலில் லொறிக்காரரோடு சண்டை பிடித்துக்கொண்டு நின்றார். அங்கிருந்தே, "ரீச்சர், ஒன்பதரைக்கு மெசின் ஓடவேணும்! ஸ்ராட் பண்ணு, ஸ்ராட் பண்ணு!" என்று கத்தினார். மனுவல் போர்த்துக்கல்காரர். அவர் பேசிய ஆங்கிலத்தை அப்படியே எழுதினால் அவருக்கும் மரியாதை இல்லை, எனக்கும் மரியாதை இல்லை. ஆகவே நம்முடைய பேச்சிலேயே எழுதுகிறேன்.

றீற்றா அக்கா ரிக்கெற்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"மாஸ்டர், இதில ஒண்டும் தெரியேல்லை. மனுவலை ஒருக்காக் கேட்டிட்டுச் செய்யும்."

"இதுக்கேன் அக்கா மனுவல்? நான் பத்து வருஷம் படிப்பிச்ச பாடம்."

"படிப்பிச்சனீர் சரி. ஆனா புத்தகம் அவங்கடை புத்தகமெல்லோ?"

"அரசாங்கம் எண்டால் எங்கையும் ஒரே அரசாங்கம்தான். முதல் கதை வரும். பேந்து ஜனாதிபதி. அவர்தானே அங்கை எல்லாம். அவருக்குப் பிறகு காங்கிரஸ், பேந்து நீதிமன்றம். கண்ணை மூடிக்கொண்டு போடுவன்."

உண்மையில் கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டேன். இலங்கையின் அரசியலமைப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும். அதில் ஜனாதிபதி பற்றிய அத்தியாயம் முன்னால் வரும், பாராளுமன்றம் பின்னால் வரும். பரீட்சையிலும் அமெரிக்கா என்றால் முதல் கேள்வி ஜனாதிபதியின் அதிகாரங்கள்தான். என் ரியூட்டரி நோட்ஸ் அந்த ஒழுங்கில்தான் இருந்தது. அமெரிக்க அரசியலமைப்பின் முதலாம் பிரிவு காங்கிரஸ், இரண்டாம் பிரிவு ஜனாதிபதி, மூன்றாம் பிரிவு நீதித்துறை. இதை நான் படித்திருக்கிறேன். ஆனால் எது முன், எது பின் என்று ஒருநாளும் மண்டையில் ஏற்றவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

றீற்றா அக்கா ஒரு கணம் யோசித்தார். பிறகு, "நீர் படிச்ச ஆள், சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

நான் பொக்கெற் ஷீற்றில் 'PRESIDENT' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே சிவப்புப் பேனையால் இரட்டைக் கோடு போட்டேன். ஒன்பதரைக்கு மெசின் ஓடியது. முதலாவதாக வந்த புத்தகத்தை றீற்றா அக்கா பக்கம் பக்கமாகத் தட்டிப் பார்த்தார். தலைகீழ் இல்லை, கிழிசல் இல்லை. தன் எழுத்தைப் போட்டார். மூவாயிரம் புத்தகங்கள் அன்றைக்கே முடிந்தன. மறுநாள் பொருளடக்கமும் அட்டையும் வந்தன. துளை போட்டுச் சுருள் கம்பி ஏற்றிய ஆட்கள் அதை வாசிக்கவில்லை. வாசிப்பது அவர்கள் வேலையும் இல்லை. புத்தகங்கள் எல்லை தாண்டிப் போய்விட்டன.

3. சாட்சி

எண்பத்தெட்டாம் நாள். இன்னும் இரண்டு நாள்தான். பத்து மணி பிரேக்கில் தேத்தண்ணியை வாயில் வைக்கிறேன், மனுவல் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து லஞ்ச் ரூம் மேசையில் போட்டார்.

"பஃபலோவில இருந்து புத்தகம் ஓடர் பண்ணின மனுசி போன் எடுத்தவ. ஒரு வகுப்பில பிள்ளையள் எல்லாம் சேர்ந்து கேள்வி கேட்டு ரீச்சரைப் பிடிச்சு வைச்சிருக்கினமாம். ஜனாதிபதி ரெண்டாவதா நிக்கிறார். காங்கிரஸ் மூண்டாவதா நிக்குது. ஒரு பெட்டியையும் மிச்சம் வைக்காமல் அவ்வளவையும் திருப்பி அனுப்புறாவாம். இது ஆற்றை வேலை?"

லஞ்ச் ரூமில் பன்னிரண்டு பேர் இருந்தோம். மைக்ரோவேவ் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்குப் பயம் பிடித்தது. கலண்டர், கடிதம், சுகந்தியின் லொட்ஜ் அறை என்று எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. நான் வாயைத் திறப்பதற்குள் றீற்றா அக்கா எழும்பிவிட்டார்.

"செக் ஷீற்றில என்ரை எழுத்துத்தான் கிடக்கு. நான்தான் ஓகே பண்ணினனான்."

மனுவல் அவரைப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்தார். "வேற ஆரும் ஏதும் சொல்ல இருக்கோ?" என்று கேட்டார். நான் தேத்தண்ணிக் கோப்பையின் அடியைப் பார்த்தேன். அதிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பின்னேரம் றீற்றா அக்காவுக்கு எழுத்தில் வோர்னிங் கிடைத்தது. ஒரு வருடம் கோப்பில் இருக்கும். அதற்குள் இன்னொன்று வந்தால் சஸ்பென்ஷன். நான் அவரிடம் ஓடினேன்.

"ஏன் அக்கா எழும்பினீங்கள்? நான் சொல்லியிருப்பன்."

"நீர் சொல்லியிருப்பீர், பேந்து பின்னேரமே பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பீர். எனக்கு யூனியன் இருக்கு. என்னை நிப்பாட்டுறதெண்டால் கூட்டம் வைக்கவேணும், விசாரிக்கவேணும், என்ரை பக்கமும் கேக்கவேணும். உமக்கு என்ன இருக்கு? எண்பத்தெட்டு நாள் இருக்கு. பேசாமல் இரும்."

இதைத்தான் நான் ஊரில் 'சட்டத்தின் முறையான நடைமுறை' என்ற தலைப்பில் இரண்டு மணி நேரம் படிப்பித்திருக்கிறேன். றீற்றா அக்கா பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று அரை நிமிடத்தில் முடித்துவிட்டார்.

அன்று பஸ்சில் எனக்கு அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம்தான் துணை. ஒருவனைத் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. எவ்வளவு அருமையான வசனம்! அதன் ருசி எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. நான் கனடாவில் இருக்கிறேன், ஐந்தாம் திருத்தம் இங்கே செல்லாது என்பதைக்கூட மறந்து, கிப்ளிங் ஸ்ரேஷன் வரும்வரை அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். சப்வே ஏறியபிறகு இன்னொன்று உறைத்தது. அந்தத் திருத்தம் கட்டாயப்படுத்தக் கூடாது என்றுதான் சொல்கிறது. வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லவில்லை. மற்றவரின் கோப்பில் உன் பிழையைப் போட்டுவிட்டு இரு என்றும் அதில் எங்கும் இல்லை.

ஆனாலும் மறுநாள் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. எண்பத்தொன்பது, தொண்ணூறு. தொண்ணூறாம் நாளை வெட்டும்போது பேனை ஓடவில்லை என்று சொன்னால் அழகாக இருக்கும். நன்றாகவே ஓடியது. எனக்குத்தான் சந்தோசம் வரவில்லை.

4. சனிக்கிழமைச் சட்டம்

புத்தகங்கள் வெள்ளிக்கிழமை திரும்பி வந்தன. நல்ல காலம் சுருள் கம்பிப் புத்தகம். கம்பியின் நுனியை வெட்டித் திருகி எடுத்தால் தாள்கள் கையோடு வரும். ஜனாதிபதியைத் தூக்கி காங்கிரசுக்குப் பின்னால் வைத்து, புதிய கம்பியை ஏற்றலாம். எல்லாம் கைவேலை.

மேல்மாடியிலிருந்து முதலாளியின் கட்டளை வந்தது. சனிக்கிழமை எல்லாரும் வரவேண்டும், முழு நாளும். யூனியன் பொறுப்பாளர் வின்ஸ்ரன், நெடிய ஜமேக்காக்காரர், ஒப்பந்தப் புத்தகத்தை விரித்தார். சனிக்கிழமை வேலை விருப்பத்தின் பேரில் மட்டும். உடனே லஞ்ச் ரூமில் கூட்டம். அரைநாள் வருகிறோம், பதிலுக்குத் திங்கட்கிழமை லீவு என்று தீர்மானம்.

மனுவல் அதை மேலே கொண்டுபோனார். முதலாளி மாட்டேன் என்றார். மனுவல் கீழே வந்தார். மறுபடி கூட்டம். மனுவலுக்கு மூட்டு வலி, படியேறி இறங்கி மனுசன் நொந்துபோனார்.

தொண்ணூறு முடிந்தும் நிரந்தரக் கடிதம் இன்னும் கைக்கு வராதபடியால் எனக்கு வாக்கு இல்லை. மூலையில் நின்றேன். றீற்றா அக்கா என் பக்கம் திரும்பி, "இதென்ன மாஸ்டர், இவர் மாட்டன் எண்டிட்டார், இவை திரும்பவும் கை உயர்த்தினம். உப்பிடிச் செய்யலாமே?" என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் ரியூட்டரி மாஸ்டரின் வாய்.

"அமெரிக்காவிலயும் உதுதான் அக்கா. அங்கை காங்கிரஸ் எண்டால் ரெண்டு சபை. ஒண்டில சனத்தொகைக்கேற்ற மாதிரி ஆக்கள். செனற்றில பெரிய மாநிலமெண்டாலும் சின்னனெண்டாலும் ரெண்டே ரெண்டு பேர். ரெண்டு சபையும் ஒரு சட்டத்தை ஓமெண்டால் அது ஜனாதிபதியிட்டைப் போகும். அவருக்குப் பிடிக்காட்டில் மாட்டன் எண்டு திருப்பி அனுப்பலாம். அதுக்குப் பேர் வீற்றோ."

"அப்ப முடிஞ்சுதே?"

"முடியேல்லை. ரெண்டு சபையிலயும் மூண்டில ரெண்டு பங்கு பேர் திரும்பவும் ஓமெண்டால், அவர் மாட்டன் எண்டாலும் சட்டம்தான்."

"நீதிமன்றம்?"

"அது அரசியலமைப்புக்கு மாறான சட்டமெண்டால் நீதிமன்றம் செல்லாதெண்டு சொல்லும். அதுக்கு நீதிபதியளை ஜனாதிபதி பிரேரிப்பார், செனற் சம்மதிக்கவேணும். ஜனாதிபதி பெரிய பிழை விட்டால் ஒரு சபை குற்றம் சாட்டும், மற்றச் சபை விசாரிக்கும். ஒருத்தரும் தனிய ஆட ஏலாது. ஒருத்தற்றை காலை ஒருத்தர் பிடிச்சுக்கொண்டு நிப்பினம்."

"பிழை விட்டவர் தானா வந்து சொன்னால்?" என்று கேட்டார் றீற்றா அக்கா.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைக் குத்திக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டார். அதனால்தான் அது இன்னும் நன்றாகக் குத்தியது. அதற்குள் எல்லாக் கைகளும் உயர்ந்துவிட்டன. ஒரு கை மிச்சமில்லை. மனுவல் இரண்டாம் தடவை படியேறினார். முதலாளி சரி என்றார். அரைநாள், திங்கள் லீவு.

சனிக்கிழமை நானும் வந்தேன். கம்பியைத் திருகு, ஜனாதிபதியைத் தூக்கு, பின்னால் வை, கம்பியை ஏற்று. நூறு புத்தகத்துக்குப் பிறகு விரல் நுனி எரியத் தொடங்கியது. ஒரு புத்தகத்தில் காங்கிரஸ் செக்ஷன் கைதவறி விரிந்தது. இரண்டாம் பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஒரு கேள்விப் பெட்டி. 'அரசியலமைப்பை எழுதியவர்கள் ஜனாதிபதியை அல்ல, காங்கிரசை முதலில் வைத்தார்கள். ஏன் என்று நினைக்கிறாய்?'

அதற்குக் கீழே பதில் எழுத ஐந்து வெற்றுக் கோடுகள்.

நான் தலைப்பை மட்டும் பார்த்துப் பொக்கெற்றில் போட்டவன். ஒரு தாளைத் திருப்பியிருந்தால் புத்தகமே என்னிடம் சொல்லியிருக்கும். அந்தப் பஃபலோப் பிள்ளைகள் ஜனாதிபதியை முழுதாகப் படித்து முடித்துவிட்டு, அடுத்த தாளில் 'காங்கிரசை முதலில் வைத்தார்கள்' என்று வாசித்தால் ரீச்சரைப் பிடிக்காமல் என்ன செய்வார்கள்? எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிய வெட்கம் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். எதிர் மேசையில் றீற்றா அக்கா குனிந்து கம்பி திருகிக்கொண்டிருந்தார். பெருவிரலில் பிளாஸ்டர்.

நான் எழும்பி மனுவலிடம் போனேன்.

5. மன்னிப்பு

மனுவல் கட்டர் மெசினுக்குப் பக்கத்தில் நின்று பெட்டி எண்ணிக்கொண்டிருந்தார்.

"மனுவல், பொக்கெற்றை மாத்தி நிரப்பினது நான். றீற்றா என்னை உங்களைக் கேக்கச் சொன்னவ. நான்தான் கேக்கேல்லை."

அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை. அந்த வரிசையை முடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து விரித்தார். என் பொக்கெற் ஷீற். PRESIDENT, சிவப்பு இரட்டைக் கோடு.

"இந்த பில்டிங்கில தலைப்புக்குக் கீழ ரெண்டு கோடு போடுற விசரன் வேற ஆர் இருக்கிறான்?" என்றார்.

"அப்ப முதல் நாளே தெரியுமோ?"

"போன் வந்து பத்து நிமிசத்தில தெரியும். பொறுத்துப் பாத்தனான், நீ வருவியோ எண்டு. அஞ்சு நாள் எடுத்திட்டாய். றீற்றாவுக்கு அரை நிமிசம்தான் எடுத்தது."

எனக்குத் தலை நிமிரவில்லை. "அப்ப நான் போகவேணுமோ?" என்று கேட்டேன். சுகந்திக்கு எப்படிச் சொல்வது என்றுதான் மனம் ஓடியது.

மனுவல் தாளை மறுபடி மடித்தார். "ரிக்கெற் நனையவிட்டது நான். பாக்காமல் ஸ்ராட் பண்ணு எண்டு கத்தினதும் நான். உன்னை அனுப்பிறதெண்டால் நானும் உன்னோட பஸ் ஏறவேணும். எனக்கு உந்தக் குளிரில பஸ்சுக்கு நிக்க ஏலாது. புரபேஷன் இன்னும் முப்பது நாள் கூட்டுறன். நடந்ததை மேல நான் எழுதிக் குடுக்கிறன். போய்க் கம்பியைத் திருகு."

அமெரிக்க ஜனாதிபதிக்கு மன்னிப்பு வழங்கும் அதிகாரம் உண்டு என்று நான் எத்தனையோ பிள்ளைகளுக்கு நோட்ஸ் கொடுத்திருக்கிறேன். வாங்குகிறவனுக்கு அது எப்படி இருக்கும் என்று அந்த நோட்ஸில் இல்லை. கண் கலங்கிவிட்டது. தாள் தூசு என்று சொல்லிச் சமாளித்தேன்.

றீற்றா அக்காவிடம் வந்து, உங்கள் வோர்னிங்கை எடுக்கச் சொல்லிக் கேட்கிறேன் என்றேன். அவர் கம்பியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்.

"வேண்டாம். உள்ளை என்ன கிடக்கெண்டு பாக்காமல் எழுத்துப் போட்டது நான். நீர் படிச்ச ஆளெண்டு நம்பிப் போட்டனான். பாக்கத்தான் எனக்குச் சம்பளம், நம்புறதுக்கில்லை. அது என்ரை பிழை, என்ரை கோப்பில கிடக்கட்டும். உம்மடையை நீர் சுமவும்."

அன்று இரவு போன் காட் வாங்கிச் சுகந்தியைப் போனில் எடுத்தேன். கடிதம் ஒரு மாதம் பிந்தும் என்றேன். ஏன் என்று கேட்டாள். அமெரிக்காவின் ஜனாதிபதியைக் காங்கிரசுக்கு முன்னால் வைத்துவிட்டேன் என்று முழுக் கதையையும் சொன்னேன். அழப்போகிறாளாக்கும் என்று நினைத்தேன்.

"நீங்கள் ஆரையும் கேக்காமல் செய்யிறது எனக்குப் புதுசே? அங்கை நான் வந்தாப் பிறகு வீட்டில ஆர் முதலாம் பிரிவு, ஆர் ரெண்டாம் பிரிவு எண்டு முதல் எழுதுவம்" என்றாள்.

நூற்றிருபதாம் நாள் ஜொப் லெற்றர் கிடைத்தது. மனுவல் கையெழுத்துப் போட்டுவிட்டு, என் பெயருக்குக் கீழே இரண்டு கோடு இழுத்துத் தந்தார். விசா ஒஃபிசில் அதை யாரும் தவறாக நினைக்கவில்லை. அடுத்த தை மாதம் சுகந்தி வந்து சேர்ந்தாள். விமான நிலையத்துக்கு றீற்றா அக்காவும் வந்திருந்தார், கையில் அவளுக்கென்று ஒரு தடித்த குளிர்ச்சட்டையோடு.

6. ஐந்து கோடுகள்

அதற்கு அடுத்த மாதம், ஒரு வருடம் முடிந்து, றீற்றா அக்காவின் கோப்பிலிருந்து வோர்னிங்கை எடுத்தார்கள். மனுவல் அந்தத் தாளை அவர் கையிலேயே கொடுத்தார். அவர் அதைக் கிழித்து, கழிவுத் தாள் தொட்டியில் போட்டுவிட்டு என் பொக்கெற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாஸ்டர், ஒரு வருஷமாக் கேக்க நினைச்சனான். ஏன் அவங்கள் காங்கிரசை முன்னுக்கு வைச்சவங்கள்?"

அந்தக் கேள்விப் பெட்டியை அவரும் பார்த்திருக்கிறார். நான் அந்த ஒரு வருடமும் அதைப் பற்றி யோசித்திருந்தேன். நூலகத்துக்குப் போய்த் தேடியும் வாசித்திருந்தேன். ஆகவே கரும்பலகைக்கு முன்னால் நிற்பவன் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அவை ஒரு ராசாவோட சண்டை பிடிச்சு விலகின சனம் அக்கா. தனி ஆள் ஒருத்தர் தனக்கு எல்லாம் தெரியுமெண்டு நினைச்சுக்கொண்டு ஓடிப்போய்ச் செய்தால் என்ன நடக்குமெண்டு பட்டுத் தெரிஞ்சவை. அதனால முதல் கன பேர் கூடி இருந்து கேட்டு, கதைச்சு, சட்டத்தை ஆக்கவேணும். அவைதான் முதலாம் பிரிவு. பிறகுதான் அதை நடத்திற ஆள். அவர் ரெண்டாம் பிரிவு."

றீற்றா அக்கா தலையாட்டினார். "உந்தச் சட்டத்தை எழுத எத்தினை பேர் இருந்தவை?"

"ஐம்பத்தைஞ்சு பேர் மட்டில."

"எவ்வளவு காலம் எடுத்தது?"

"ஒரு கோடை காலம் முழுக்க. கதவு ஜன்னலெல்லாம் பூட்டிப்போட்டு இருந்து எழுதினவை."

"ஐம்பத்தைஞ்சு பேர்," என்றார் அவர். "நான் தனிய, பனி கொட்டிக்கொண்டிருக்கேக்க, ஒரு வசனத்தில சொன்னனான். கேட்டிட்டுச் செய்யும் எண்டு."

சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் ஏப்ரனைக் கட்டிக்கொண்டார்.

வாசலில் புதிய ஸ்கிட் ஒன்று இறங்கியிருந்தது. ரிக்கெற்றின் ஒரு மூலை நனைந்திருந்தது, ஆனால் எண் தெரிந்தது. மூன்று என்றுதான் பட்டது. மூன்றேதான்.

"என்ன மாஸ்டர், அது எத்தினையாவது?" என்று அக்கா அங்கிருந்து கேட்டார்.

"தெரியாதக்கா," என்றேன். "மனுவலைக் கேட்டிட்டு வாறன்."